அத்தியாயம் 6: ஊரைப் போலவே இருக்கும் ஊர்

லண்டனுக்கோ டொரொண்டோவுக்கோ குடிபெயரும் சர்க்கரை நோயாளி கிளம்பும்போதே உஷாராகிவிடுகிறார். அங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும், எந்த மருத்துவரைப் பார்ப்பது, குளிரில் கால் என்னவாகும் என்று பல மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்குகிறார். கோலாலம்பூருக்கு வருகிறவர் அப்படி விசாரிப்பதில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து வெளியே வந்து பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் நடந்தால் மல்லிகைச் சரம், வெற்றிலை, இட்லி, வடை, கடை வாசலில் தமிழ்ப் பாட்டு. கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போனாலும் அதே காட்சி. பல கிளினிக்குகளில் மருத்துவரே தமிழில் "என்ன செய்யுது?" என்று கேட்பார்.

இந்தப் பழகிய முகம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. இட்லி அதே இட்லிதான், தேநீர் அதே தேநீர் இல்லை. இன்சுலின் பெயர் அதேதான், குப்பியின் வீரியம் அது இல்லை. ரத்தப் பரிசோதனை அதேதான், தாளில் வரும் எண் வேறு. ஊரில் உங்களுக்குக் கைவந்த பழக்கம் ஒவ்வொன்றையும் இங்கே ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். இந்த அத்தியாயம் அதற்காகத்தான். மருந்தின் அளவை மாற்றும் முடிவு உங்கள் மருத்துவருடையது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே தெரிந்துகொள்ளலாம்.

துணைக்கு ஆள் உண்டு என்பது மட்டும் நிச்சயம். மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்திய வம்சாவளியினரை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டு விகிதம் 15.6 ஆக இறங்கியது. அப்போதும் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இங்குள்ள தமிழர்கள் இதை "இனிப்பு நீர்" என்பார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மாவுக்கோ மாமாவுக்கோ இருக்கும்.

இந்த நிலை எப்படி வந்தது என்பது குடியேறுகிறவருக்கு நல்ல பாடம். விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன தலைமுறை, பகல் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்கியது. தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது, செலவாகவும் செய்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அந்தக் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்கு வந்தன. நடை போயிற்று, சோறு இருந்தது. தெற்காசிய உடலுக்கு ஒரு குணம் உண்டு: எடை பெரிதாக ஏறாமலேயே வயிற்றில் கொழுப்பு சேரும். இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை என்று நமக்குத் தனி வரம்பு வைத்திருப்பது அதனால்தான். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்களுக்கு இருபது முப்பது ஆண்டுகளில் நடந்தது, திருச்சியிலிருந்து சைபர்ஜெயா அலுவலகத்துக்கு வருகிறவருக்கு இரண்டே ஆண்டில் நடந்துவிடுகிறது.

எண்கள்

முதல் அதிர்ச்சி பரிசோதனைத் தாளில் காத்திருக்கிறது. இந்தியாவில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்கிறோம்: வெறும் வயிற்றில் 126, சாப்பிட்டபின் 180. மலேசியாவில் மில்லிமோல் கணக்கு. அதே 126 இங்கே 7.0, அதே 180 இங்கே 10.0. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். மனக்கணக்குக்கு எளிய வழி: 20ஆல் பெருக்கிப் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். மீட்டர் 8 காட்டினால் 160, அதில் 16 போக 144.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் அதிகமில்லை. 3.9 என்பது 70. அதற்குக் கீழே போனால் லோ சுகர். 5.6 என்பது 100. 11.1 என்பது 200. 16.7 என்பது 300. அந்த அளவிலேயே நின்று, வாந்தியோ மூச்சுவாங்கலோ சேர்ந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டிய எண். இங்குள்ள மருத்துவர்கள் பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0 வரை இருக்கட்டும் என்பார்கள். வயதானவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்துவார்கள்.

மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி மட்டும் இரு நாட்டிலும் விழுக்காட்டில்தான் வரும். ஊரில் 7.4 என்றால் இங்கும் 7.4. ஆகவே புறப்படும் முன் அந்த ஒரு பரிசோதனையைக் கட்டாயம் செய்து தாளைக் கையில் வைத்திருங்கள். புது மருத்துவருக்கு உங்கள் கதையை அதுவே பாதி சொல்லிவிடும்.

அதே தாளில் கிரியாட்டினின் என்ற வரியையும் பாருங்கள். ஊரில் 1.0 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே 88 என்று தெரியும். சிறுநீரகம் போய்விட்டது என்று அன்றிரவே ஊருக்குப் போன் போட்டு அழ வேண்டாம். இங்கே அதை மைக்ரோமோலில் தருகிறார்கள், 88.4ஆல் வகுத்தால் பழைய எண் வந்துவிடும். கொழுப்பும் மில்லிமோலில்தான் வரும்: ஊரில் 200 என்பது இங்கே 5.2.

ஊரில் வாங்கிய மீட்டரையும் கூடவே கொண்டுவந்திருப்பீர்கள். பலவற்றில் அளவு முறையை மாற்ற முடியாது. அதற்கான பட்டைகள் இங்கே கிடைக்குமா என்பதும் மாடலைப் பொறுத்தது. கைவசம் உள்ள பட்டைகள் தீர்வதற்குள் இங்கே ஒரு மீட்டர் வாங்கிவிடுவது நல்லது. வாங்கிய முதல் வாரம் இரண்டிலும் ஒரே விரலில் சோதித்து ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வித்தியாசம் வரும், அது சகஜம்.

ஊசி

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி போட்டது. மலேசியாவில் குப்பி ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடிச் சிரிஞ்சில், இங்கே வாங்கிய குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வந்தது அரை மில்லி. அந்த அரை மில்லியில் இருப்பது 50 யூனிட். உங்கள் அளவைப்போல் இரண்டரை மடங்கு. இரவில் போட்டுக்கொண்டு தூங்கப் போனால் நினைவு தப்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றிச் செய்தாலும் தவறுதான்: இந்தியக் குப்பியிலிருந்து இங்குள்ள ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட் மட்டும். உடனே ஒன்றும் தெரியாது, நாட்கணக்கில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே இந்தியக் குப்பி தீரும்போது இந்தியச் சிரிஞ்சுகளும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். "மிச்சமிருக்கே, வீணாக்குவானேன்" என்ற நம் வீட்டுக் குணம் இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம். பேனா வகை ஊசி போடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. இந்தியாவிலும் பேனாவுக்கான குழல்கள் பெரும்பாலும் 100 யூனிட்தான். குப்பியில் இருப்பவர்கள் புறப்படும் முன்பே பேனாவுக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். இங்கே விடுமுறை கிடைத்து ஊருக்குப் போகும்போது இதே கதை தலைகீழாக நடக்கும்; மருந்துக்கடைக்காரர் 40 யூனிட் குப்பியைத்தான் எடுத்துத் தருவார்.

விமானத்தில் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் உறைந்துபோகக்கூடும், பெட்டி வேறு ஊருக்குப் போய்விடவும் கூடும். உறைந்து இளகிய இன்சுலின் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். திறக்காத குப்பியும் பேனாவும் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். திறந்ததை 30 டிகிரிக்குக் கீழ் வெளியிலேயே சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம்; உறையில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. கோலாலம்பூரின் பகல் 32, 33 டிகிரி. தகரக் கூரைக்குக் கீழ் உள்ள தொழிலாளர் விடுதியில் இன்னும் கூடும். குளிர்ப்பெட்டி இல்லாத அறைகளில், ஈரமான மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வைக்கும் நம் ஊர் முறை இங்கேயும் வேலை செய்யும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் அரை மணி நேரம்கூட விடாதீர்கள்.

மாத்திரைக்காரர்களுக்கு வேறு தொல்லை. இந்தியாவில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். வணிகப் பெயரைத் தவிர நமக்கு வேறொன்றும் தெரியாது. அந்தப் பெயரை இங்கே சொன்னால் யாருக்கும் புரியாது. உங்கள் மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: மெட்ஃபார்மின் இவ்வளவு, கிளிமிபிரைடு இவ்வளவு, வோக்லிபோஸ் இவ்வளவு என்று. மெட்ஃபார்மின் எங்கும் கிடைக்கும். மற்றவற்றில் சிலதை மாற்ற வேண்டிவரும்; கிளிமிபிரைடுக்குப் பதில் கிளிக்லசைடும், வோக்லிபோஸுக்குப் பதில் அக்கார்போஸும் எழுதித் தரலாம். மாற்றிய முதல் இரண்டு வாரம் அடிக்கடி சோதித்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கென்று பையில் கொண்டுவர அனுமதி ஒரு மாதத் தேவை அளவுக்குத்தான், அதுவும் மருத்துவர் சீட்டோடு. ஆறு மாத மாத்திரையைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து வருகிறவர் கையில் மாத்திரை கொடுத்தனுப்பும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் அப்படி வாங்குகிறவர்கள் மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய சீட்டையே விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் கண்ணையோ சிறுநீரையோ யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாத்திரை தீராததால் மருத்துவர் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை.

கடிகாரம்

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். பறக்கும் நேரம் சுமார் நான்கு மணி. அமெரிக்காவுக்குப் போவதுபோல் நாளே புரண்டுவிடாது என்பதால் பலர் இதை மதிப்பதில்லை. ஊரில் இரவு 9 மணிக்குப் போட்ட நீண்டநேர இன்சுலினை இங்கே வந்த முதல் நாளே 9 மணிக்குப் போட்டால், முந்தைய ஊசியிலிருந்து இருபத்தொன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து வேலை செய்யும். முதல் இரவு 11:30க்குப் போட்டுக்கொண்டு, பிறகு நாளுக்கு அரை மணி, ஒரு மணி என்று முன்னால் நகர்த்திக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுத் திட்டத்தை எழுதி வாங்கிவிடுங்கள். சாப்பாட்டோடு போடும் ஊசிக்கு ஒரே விதி: தட்டு எதிரே வந்தபிறகு போடுங்கள். மலிவுக் கட்டண விமானத்தில் தட்டே வராமல் போகலாம். இரண்டு சப்பாத்தியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் சூரியனில் இருக்கிறது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. விளைவு: கோலாலம்பூரில் பொழுது விடிய ஏழு மணி தாண்டும், சாய ஏழேகால், ஏழரை ஆகும். மெரினாவில் ஐந்தரைக்கு நடந்து பழகியவர் இங்கே அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் கும்மிருட்டு. ஆறரைக்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள், ஏழரைக்கு நீங்கள் ரயிலில். காலை நடை காணாமல் போய்விடுகிறது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பாதி நாள் நாலு மணிக்கு மேல் இடியோடு மழை. சில ஆண்டுகளில் காட்டுத் தீயின் புகைமூட்டமும் சேரும்.

நடையை அங்கங்கே பிய்த்துப் போடுவதுதான் இந்த ஊருக்கு ஒத்துவரும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம். சாப்பிட்ட கையோடு நடக்கும் சின்ன நடை, ஏறும் சர்க்கரையை நேரடியாகப் பிடித்து இறக்குகிறது. மழையானால் பேரங்காடிக்குள் நடங்கள். கேஎல் சென்ட்ரலை ஒட்டிய நு சென்ட்ரல், சற்றுத் தள்ளி மிட்வேலி என்று பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குக் குளிரூட்டிய நடைபாதைக்குக் குறைவில்லை. பத்து மணிக்குத்தான் திறக்கும், உணவுத்தளத்தின் பக்கம் போகாமல் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். வார இறுதியில் பெர்டானா தாவரவியல் பூங்கா, தித்திவாங்சா ஏரி. கிள்ளான்காரர்களுக்கு ஷா ஆலாம் ஏரிப் பூங்கா.

உணவகத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை பார்க்கும் சமையல்காரர்கள், இரவுக் காவலர்கள், கிள்ளான் துறைமுகத்தில் முறைவேலை செய்பவர்கள் ஆகியோருக்கு "காலை, இரவு" என்று மாத்திரைச் சீட்டில் எழுதுவது பொருத்தமே இல்லை. மாலை நான்கு மணிக்கு எழுந்து முதல் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு அதுதான் காலை. மருத்துவரிடம் உங்கள் வேலை நேரத்தை முதலில் சொல்லிவிட்டு, "முதல் சாப்பாட்டோடு, கடைசிச் சாப்பாட்டோடு" என்று எழுதச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையைப் போட்டுவிட்டுக் கூட்டம் அதிகம் என்று சாப்பிடாமல் நின்றால் அடுப்படியிலேயே விழுந்துவிடுவீர்கள். சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை என்பது பொது விதி. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கடையில்

மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்களின் உணவகம். பல கடைகளுக்குக் கதவே இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். இரவு பதினோரு மணிக்குப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே ஒரு ரொட்டி சானாயும் மைலோ ஐஸும் உள்ளே போவது இந்த ஊரில் சாதாரணம். காலைப் பசியாறல், பத்து மணிக்கு ஒன்று, மதியம், ஐந்து மணிக் கொறிப்பு, இரவு, அதற்குப் பின் மாமாக் என்று வேளைகள் எண்ணிக்கையில்லாமல் பெருகும். புதிதாக வந்தவருக்கு நட்பு கிடைப்பதும் இந்த மேசைகளில்தான். போகாதே என்று சொல்லும் வழிகாட்டி நூலை யாரும் மதிக்கப் போவதில்லை. ஆகவே எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்கிறேன்.

இங்கே சும்மா "தே" என்றால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். கெட்டிப்பாலிலேயே சீனி இருக்கிறது. தனியாகப் போடவில்லை என்று நிம்மதிப்பட முடியாது. "தே கூராங் மானிஸ்" என்றால் இனிப்புக் குறைவு. கெட்டிப்பால் கொஞ்சம் குறையும், போகாது. "தே ஓ" என்றால் பாலில்லாதது, ஆனால் சீனி உண்டு. "தே ஓ கோசோங்" என்றால்தான் பாலும் இல்லை, சீனியும் இல்லை. பால் வேண்டுமென்றால் "தே சி கோசோங்": சீனி சேர்க்காத சுண்டிய பால் ஊற்றித் தருவார்கள். "கோப்பி" என்று தொடங்கினாலும் இதே இலக்கணம்.

"தம்பி, தே சி கோசோங் ஒண்ணு."

"கோசோங்கா? சீனியே வேணாமா அண்ணே?"

"வேணாம் தம்பி. இனிப்பு நீர் இருக்கு."

இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். இரண்டு நாள் சொன்னால் மூன்றாம் நாள் நீங்கள் உட்காருமுன்பே அது வந்துவிடும்.

தண்ணீர் கேட்க "ஆயிர் கோசோங்". வெதுவெதுப்பாக வேண்டுமானால் "ஆயிர் சுவாம்". மேசைக்கு வரும் இளஞ்சிவப்பு நிறச் சிராப் பண்டோங், கெட்டிப்பாலும் ரோஜாச் சாறும் சேர்ந்தது, வேண்டாம். மைலோவைச் சத்து பானம் என்று நினைத்துக் குடிக்கும் பெரியவர்கள் உண்டு. கடையில் அதிலும் கெட்டிப்பால்தான்.

ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி. மைதாவும் கொழுப்பும் சேர்ந்தது. இரண்டு தின்றால் மதியச் சாப்பாடே முடிந்துபோன கணக்கு. அதே கடையில் சப்பாத்தியும் தோசையும் இருக்கின்றன. பருப்புக் கறியோடு ஒரு சப்பாத்தி, ஒரு முட்டை என்று நிறுத்திக்கொண்டால் போதும். நாசி லெமாக்கின் சோறு தேங்காய்ப்பாலில் வெந்தது. அதைச் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள், கூட ஒரு வெள்ளரித் துண்டோடு திருப்தியடையாமல் ஒரு கீரைப் பொரியலும் கேளுங்கள். நாசி கண்டாரில் "கூவா பஞ்சிர்" என்று குழம்பில் சோற்றை மிதக்கவிடுவார்கள். குழம்பைத் தனியாகக் கேளுங்கள். சோறு எவ்வளவு உள்ளே போகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

வாழையிலைச் சாப்பாட்டில் இங்கே கேட்காமலேயே சோறு இரண்டாம் முறை வரும். முதல் முறையே கையை இலைக்கு மேல் நீட்டி "பாதி போதும்" என்று சொல்லிப் பழகுங்கள். புழுங்கலரிசி இருக்கிறதா என்று கேளுங்கள், பல கடைகளில் இருக்கும். மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய் இந்த ஊர் இலைச் சாப்பாட்டின் பெருமை. பாகற்காய்தானே, சர்க்கரைக்கு நல்லது என்று மூன்றாவது முறை கேட்டு வாங்குகிறவர்களை ஜாலான் துன் சம்பந்தனில் எந்த மதியமும் பார்க்கலாம். மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தபிறகு அது பாகற்காய் மணமுள்ள பஜ்ஜி.

சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று ஒரு தட்டுக் கணக்கைப் பரப்பிவருகிறது: கால்வாசி சோறு அல்லது ரொட்டி, கால்வாசி மீன், கோழி, பருப்பு, அரைத்தட்டு காய்கறியும் பழமும். மலாய், சீன, தமிழ்ச் சாப்பாடு எதற்கும் இது பொருந்தும். வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கும்.

பண்டிகைகள் ஆண்டு முழுவதும் வரும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொன்றுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு. ஒரே சனிக்கிழமையில் நான்கு வீட்டுக்குப் போக வேண்டிவரும். நான்கிலும் சாப்பிடாமல் வந்தால் மரியாதையில்லை. ஒரு வீட்டில் சாப்பாடு, ஒரு வீட்டில் பலகாரம் ஒன்று, மற்ற இரண்டில் தே ஓ கோசோங் என்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே பிரித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இறங்கினால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல். மீட்டர் 3.9க்குக் கீழே என்றால், அல்லது மீட்டரே கையில் இல்லையென்றால், உடனே 15 கிராம் சர்க்கரை: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி. சாக்லேட்டும் கெட்டிப்பால் தேநீரும் இதற்கு உதவாது; கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

அரை டின் குளிர்பானம் குடி என்ற பழைய அறிவுரையில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2019 ஜூலையில் மலேசியா, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. வரியைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் சர்க்கரையை 5 கிராமுக்குள் இறக்கிவிட்டன. தினமும் குடிக்கிறவருக்கு அது நல்லது. லோ சுகரில் தவிக்கிறவருக்கு அரை டின்னில் 8 கிராம்கூடக் கிடைக்காது. டின்னின் முதுகைப் படித்துவிட்டு முழுதாகக் குடியுங்கள். அதைவிட, சட்டைப்பையில் குளுக்கோஸ் வில்லைகள் வைத்துக்கொள்வது எளிது.

உடன் தங்கியிருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். தமிழ் தெரியாத அறைத்தோழருக்கு "கென்சிங் மானிஸ்" (மலாயில் நீரிழிவு) என்ற இரண்டு சொல் போதும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சலும் ஒரு தனி எச்சரிக்கை. சிலாங்கூரில் டெங்கு ஆண்டு முழுவதும் உண்டு. நீரிழிவுக்காரர்களை அது கடுமையாகத் தாக்கக்கூடும். இரண்டாம் நாளும் காய்ச்சல் நின்றால் கிளினிக்குக்குப் போய் ரத்தம் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது மெட்ஃபார்மினையும், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் கிளிஃப்லோசின் வகை மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்வது வழக்கம். இன்சுலினை மட்டும் உங்களாக முழுதாக நிறுத்தாதீர்கள்.

எங்கே போவது

மலேசியக் குடிமக்களுக்கு அரசுச் சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் மருத்துவரும் மருந்தும் கிடைக்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. வேலை அனுமதியில் இருப்பவர்கள் நிறுவனத்தின் பேனல் கிளினிக்கை நம்புகிறார்கள். சளி, காய்ச்சல், மருத்துவ விடுப்புச் சீட்டு (எம்.சி.) எல்லாம் அங்கே நடக்கும், நீரிழிவு போன்ற நீண்டகால நோய்க்கு அந்தச் சலுகை பல நிறுவனங்களில் கிடையாது. தொழிலாளர் காப்பீடும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் "வெளிநோயாளி மருந்துச் செலவு, ஏற்கெனவே உள்ள நோய்" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாதந்தோறும் மருந்துக்காகும் தொகையைச் சம்பளப் பேச்சின்போதே கணக்கில் வைத்தால் பின்னால் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்ன வேண்டிவராது.

பெரிய சிக்கல் வந்தால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் கோலாலம்பூர் பொது மருத்துவமனையும், கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் உள்ளன. ஆண்டுக்கொரு முறை விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்ச்சி ஆகிய மூன்றையும் எங்கேயாவது பார்த்துவிட வேண்டும்.

கால்

கடைசியாகப் பாதம். இந்த ஊரில் எல்லோரும் செருப்பில்தான் திரிவார்கள். மழைநீரில் ஊறிய ஜப்பான் செருப்பு, விரலிடுக்கில் ஈரம், அதிலிருந்து புண். வெளியே போகும்போது மூடிய காலணியும் பருத்திக் காலுறையும் போடுங்கள். நனைந்தால் அலுவலகத்தில் மாற்ற ஒரு ஜோடி வைத்திருங்கள். உணவகச் சமையலறையில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் நிற்பவர்கள் இடைவேளையில் அதைக் கழற்றிக் காலைத் துடைத்துக் காயவிட வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பல ஆயிரம் பேர் வெறுங்காலோடு நடப்பதைப் பார்ப்பீர்கள். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும் பாதை சுமார் 15 கிலோமீட்டர். அங்கே 272 படி. பால்குடம் எடுக்க வேண்டும், காவடி தூக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவரைத் தடுக்கும் அதிகாரம் இந்த நூலுக்கு இல்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு போகக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சூடும் கண்ணாடிச் சில்லும் அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் விரதம் தொடங்குமுன்பே மருத்துவரைப் பார்த்து, ஒரு வேளை உணவுக்கு மருந்தை எப்படிக் குறைப்பது என்று எழுதி வாங்குங்கள். இரவில் நடங்கள், தார் ஆறியிருக்கும். இடுப்புப் பையில் குளுக்கோஸும் மீட்டரும், கூட உங்கள் நோய் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். தண்ணீர்ப் பந்தலில் நீட்டுவது மோரா, சிராப்பா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கழுவி, துடைத்து, கண்ணாடியை அடியில் பிடித்துப் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். சிவப்போ வீக்கமோ மறுநாள் காலை வரை இருந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, கிளினிக் திறந்ததும் போய்விடுங்கள்.